சடைமரத்துக் கரை

கண்ணாயி சொன்னது ஒரே சொல்தான். வருகிற ஐப்பசி மழைக்கு ஓடை இன்னும் ஒரு முழம் வீட்டுப் பக்கம் வந்துவிட்டால், அவள் அடிவாரத்தில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போய்விடுவாள். புருஷன் சித்தன் கூட வந்தாலும் சரி, மலைமேல் மாரமங்கலத்திலேயே காட்டுமாடுகளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தாலும் சரி. மிளகு புடைத்துக்கொண்டே சொன்னாள், முறத்தைக்கூட நிறுத்தவில்லை. நிறுத்திவிட்டுச் சொல்லியிருந்தால் ஏதோ கோபத்தில் சொல்கிறாள் என்று சித்தன் சும்மா இருந்திருப்பான். நிறுத்தாமல் சொன்னதால்தான் அவன் எழுந்து போய்க் கொல்லைக் கரையை எட்டிப் பார்த்தான்.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. கோடையில் கணுக்கால்கூட நனையாத ஓடை அது. போன கார்த்திகையில் அடித்த புயல் மழையில், ஒரே பகலில் கொல்லையில் பாதியைத் தின்றுவிட்டது. காய்ப்பில் இருந்த கமலா ஆரஞ்சு மரங்கள் போயின. தகரம் வைத்து மறைத்திருந்த குளிக்கிற இடம் போனது. துவைகல் போன இடம் இன்றுவரை தெரியவில்லை. அதற்காவது கீழே போய்ச் சேரப் புத்தி இருந்தது என்பாள் கண்ணாயி. இப்போது அடுப்படிக் கதவைத் திறந்து அரிசி கழுவிய தண்ணீரை வீசினால் அது நேரே ஓடையில் விழுந்தது. அடுப்படியின் பின்சுவரில் ஒரு விரிசல், மேலிருந்து கீழாகக் கோணலாக இறங்கியிருந்தது. கண்ணாயி அதில் சாணியும் மண்ணும் குழைத்து அடைப்பாள். நான்கு நாள் போனால் அது மறுபடி வாயைத் திறக்கும்.

அந்தப் புயலுக்குப் பிறகு மழை என்றால் அவளுக்குத் தூக்கம் கிடையாது. சும்மா தூறல் விழுந்தால்கூட எழுந்து உட்கார்ந்து ஓடைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். சித்தனையும் எழுப்புவாள்.

“ஏனுங்க, மண்ணு சரியற சத்தம் கேக்குதுங்களா?”

“அது பலாமரத்துல தண்ணி சொட்டுது புள்ள.”

“பலாமரம் இப்புடியா சொட்டும்?”

அதற்கு மேல் யாருக்குத் தூக்கம் வரும்?

மகன் சந்திரசேகர் அடிவாரத்தில் வாடகை வீட்டில் இருந்தான். குட்டியானை வண்டி வைத்துக்கொண்டு மலைக்கும் சேலத்துக்கும் காய்கறியும் சாமானும் ஏற்றினான். நல்ல பையன், ஆனால் அப்பனைப் போலவே பிடித்த பிடியை விடமாட்டான். வருகிற போதெல்லாம் கொல்லைக் கரையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு ஒரே பாட்டைப் பாடுவான்.

“ப்பா, இதுக்கு அடியில இருந்து கான்கிரீட் செவுரு எழுப்போணும். அது எஸ்டேட்டுக்காரங்க செய்யற வேல. நம்ம கைக்கு எட்டாது. பேசாம வாங்க, என்ற ஊட்ல எடமிருக்குது. வெண்ணிலாவும் கூப்பிட்டுட்டே இருக்கா.”

வெண்ணிலா அவன் மனைவி. அவள் உண்மையாகவேதான் கூப்பிட்டாள், அதிலும் குறை சொல்ல முடியாது. சித்தனுக்கு எதிரி என்று யாராவது இருந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். எல்லாரும் நல்லவர்களாக இருந்து அவனை வீட்டைவிட்டுக் கிளப்பப் பார்த்தார்கள். ஓடை ஒன்றுதான் எதிரி, அதனோடு சண்டை போட முடியாது. மணல் மூட்டை அடுக்கிப் பார்த்தான், தை மாதத்துத் தூறலுக்கே சாக்கு கிழிந்து மூட்டை வாயைப் பிளந்துகொண்டது.

மாசியில் பக்கத்து எஸ்டேட்டுக்கு மிளகு பறிக்கப் போனபோதுதான் அவன் கண்ணில் அது பட்டது. அந்த எஸ்டேட் பங்களாவுக்குக் கீழே ஒரு குளம். அதே புயலில் அந்தக் குளக்கரையும் உடைந்திருந்தது. கரையில் இருந்த சவுக்கும் ரோஜாப் பாத்தியும் சிமெண்டுப் பெஞ்சும் இருந்த தடம் தெரியவில்லை. ஆனால் ஒரு மூலை மட்டும் அசையாமல் நின்றது. அந்த மூலையில் ஒரு சடைமரம். கிளைகளெல்லாம் அவிழ்த்துவிட்ட தலைமயிராகத் தண்ணீரைத் தொட்டுத் தொங்கிக்கொண்டிருந்ததால் தோட்டத்து ஆட்கள் வைத்த பேர் அது. சித்தன் ஏணியை விட்டு இறங்கிப் போய், கரைக்கு அடியில் குனிந்து பார்த்தான். தேங்காய் நார் மாதிரி சிவந்த வேர்கள், மண்ணை ஒரு பிடி விடாமல் பின்னி வைத்திருந்தன. விரலை விட்டு இழுத்துப் பார்த்தான். மண் உதிரவில்லை.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் தேவசிகாமணி, பறித்த மிளகை எடை போட்டுக்கொண்டிருந்தார். அவரும் சித்தனும் ஒரே வயசுக்காரர்கள், ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கொள்ளாமல் பேசினது கிடையாது.

“ரைட்டருங்க, அந்தச் சடைமரத்துக்கு வெத எங்கீங்க கெடைக்கும்?”

“வெதயும் இல்ல, கொட்டையும் இல்ல. குச்சிய வெட்டி ஊனுனா வந்துரும். வில்லோங்கறது அதும் பேரு. தொரை காலத்துல ஆரோ ஊனுனது.”

“குச்சிங்களா?” சித்தனின் முகம் மலர்ந்துபோனது.

மலராமல் என்ன செய்யும்? குச்சி ஊன்றுவதில் சித்தனை மிஞ்ச மாரமங்கலத்தில் ஆள் இல்லை. மிளகுக் கொடி ஏற்ற முள்முருங்கைக் குச்சி ஊன்ற வேண்டுமென்றால் வாழவந்தியில் இருந்தெல்லாம் அவனைத்தான் கூப்பிடுவார்கள். தன் கை பட்ட குச்சி துளிர்க்காமல் போனதில்லை என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடமும் சொல்லுவான், கேட்காவிட்டாலும் சொல்லுவான்.

“நாளைக்குக் கெள கழிக்கறாங்க. வேணுங்கறத அள்ளிக்க,” என்றார் தேவசிகாமணி. “ஆனா ஒண்ணு சித்தா. வெட்டுன கையோட தண்ணில போட்ரு. காய உட்றாத.”

“குச்சி ஊனறதுக்கு எனக்குச் சொல்லித் தரீங்களா ரைட்டருங்க?”

“தெரியாமச் சொல்லிட்டேன் சாமி, மன்னிச்சுக்க,” என்று அவர் தராசைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அங்கேதான் சனி பிடித்தது.

மலையில் முள்முருங்கை ஊன்றுகிற முறை வேறு. மாசியில் குச்சி வெட்டுவார்கள், வெட்டினதும் ஊன்றமாட்டார்கள். பச்சையாக ஊன்றினால் அடி அழுகிவிடும். அதனால் நிழலில், சுவரோரமாகச் சாய்த்து நிறுத்தி, உள்ளே இருக்கிற பால் அடங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். குச்சி அப்படியே நிழலில் நின்று கண் விழிக்கும். மழை விழுந்ததும் ஊன்றினால் போதும். அவன் அப்பன் செய்ததும் அதுதான், அவன் செய்ததும் அதுதான். அதனால் சடைமரத்துக் குச்சிகளைத் தலைச்சுமையாகச் சுமந்துகொண்டு வந்து, அடுப்படிச் சுவரோரம் ஒன்றுபோல நறுக்கிச் சாய்த்து வைத்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

“ரைட்டரு தண்ணில போடச் சொன்னாருன்னீங்களே?” என்றாள் கண்ணாயி.

“அவரு எடை போடறவரு. மரத்தப் பத்தி அவருக்கென்ன தெரியும்?”

“தண்ணியோரத்து மரமுங்களே அது.”

“குச்சின்னா எல்லாம் ஒண்ணுதான் புள்ள. பால் அடங்கோணும்.”

பால் நன்றாகவே அடங்கியது. பங்குனி வெயிலில் தோல் சுருங்கிச் சுருங்கி, குச்சிகள் கிழவன் விரல்களைப் போல ஆகிவிட்டன. சித்தன் காலையில் எழுந்ததும் போய்த் தொட்டுப் பார்ப்பான். கண் விழிக்கவில்லை. “கொஞ்சம் சொணங்குது, வந்துரும்” என்பான். டீக்கடையில் யாராவது கேட்டால், கரை பூராவும் மரம் நிற்கப் போகிறதென்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவான். கடைசியில் ஒரு நாள் கண்ணாயி ஒரு குச்சியை எடுத்து முழங்காலில் வைத்து ஒடித்தாள். சடக்கென்று ஒடிந்தது. உள்ளே பச்சை என்கிற பேச்சுக்கே இடமில்லை. அந்தக் கட்டு முழுவதையும் அடுப்பில் வைத்து அவனுக்குக் குளிக்கத் தண்ணீர் காய்ச்சினாள்.

“தண்ணி காஞ்சிருச்சு, வாங்க,” என்றாள். “நொம்ப நல்லா எரியுதுங்க.”

சித்தன் தலையைக் குனிந்துகொண்டு குளித்தான். சொம்பு சொம்பாக மேலே ஊற்றிக்கொண்டான். துண்டால் தலையைத் துவட்டும்போதுதான் சொன்னான். “என்ற தப்புதான் புள்ள.”

“தெரியுமுங்க. களி ஆறுது, வாங்க.”

ராகிக் களியையும் கீரைக் கடைசலையும் அன்றைக்குப் பாதியில் தள்ளி வைத்தான். வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. வருஷமெல்லாம் ஊர்த் தோட்டங்களில் குச்சி ஊன்றியவன், தன் வீட்டுக் கரைக்கு ஊன்றத் தெரியாமல் வீட்டை விட்டுவிடப் போகிறான். அந்தச் சித்திரையிலேயே சந்திரசேகர் வந்து பீரோவை ஏற்றிக்கொண்டு போனான். பீரோ நின்ற இடத்தில் தரை மட்டும் வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது. கண்ணாயி அந்த இடத்தில் ஒன்றையும் வைக்கவில்லை.

சித்தன் மானத்தை விட்டு மறுபடி ரைட்டரிடம் போய் நின்றான்.

“என்னாச்சு குச்சி?” என்றார் தேவசிகாமணி.

“அடுப்புக்கு ஆச்சுங்க.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “இப்ப முடியாது சித்தா. சீசன் நேரம். மொதலாளி சென்னையில இருந்து வந்துட்டாரு, விருந்தாளிங்க வேற. அந்த மர நெழல்லதான் நாற்காலி போட்டு ஒக்காந்திருக்காங்க. ஒரு எல கிள்ளுனாலும் என்ற வேல போயிரும்.”

“வைகாசி மழைக்குள்ள ஊனுனாத்தானுங்க வேர் எறங்கும்.”

“எனக்குத் தெரியாதா? நான் என்ன பண்ணட்டும் சொல்லு.”

சித்தன் திரும்பி வந்தான். வருகிற வழியெல்லாம் மேலே சேர்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டே வந்தான். அங்கே சேர்வராயன் சாமியின் வைகாசித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. சாமிகிட்டே எதைக் கேட்பது என்று அவனுக்கே குழப்பம். மழை வேண்டும் என்று ஊரே கேட்கும், மழை வேண்டாம் என்று இவன் ஒருத்தன் கேட்க முடியுமா?

அவன் கேட்காமலே காற்று வந்தது. கோடை மழைக்கு முன்னால் வருகிற பேய்க்காற்று. மத்தியானம் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்பி, அரைமணி நேரம் ஊரைப் புரட்டிவிட்டு ஓய்ந்தது. அது ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் ரைட்டரிடம் இருந்து போன் வந்தது.

“சித்தா, சடைமரத்துல பெரிய கெள ஒண்ணு முறிஞ்சு கொளத்துல கெடக்குது. நாற்காலிங்க அடில மாட்டிக்கிச்சு. நல்லவேளை, ஆரும் ஒக்காந்திருக்கல. மொதலாளி ஒடனே அள்ளச் சொல்றாரு. ஓடியா. இந்தத் தடவை தண்ணி...”

“தெரியுமுங்க, தெரியுமுங்க!” என்று சித்தன் கத்தினான்.

கண்ணாயியும் கூடவே கிளம்பினாள். வரச்சொல்லி அவன் கேட்கவில்லை. உரச் சாக்குகளைத் தண்ணீரில் நனைத்து எடுத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். குளத்தில் கிடந்த கிளை இலையும் பச்சையுமாக, வெட்டின வெள்ளரிக்காய் வாசத்தோடு கிடந்தது. சித்தன் கொடுவாளால் நறுக்கி நறுக்கிப் போட, கண்ணாயி தரையில் படவிடாமல் ஏந்தி, இலையை உருவி, ஈரச் சாக்கில் சுற்றினாள். நன்றாக நேராக இருக்கிறதே என்று ஒரு குச்சியைத் தூக்கி வெயிலில் பார்த்தான் சித்தன்.

“பாத்தது போதும், இங்க குடுங்க,” என்று பிடுங்கிக்கொண்டாள். “பால் அடங்கிரும்.”

ரைட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். சித்தனும் சிரித்தான். அவனுக்கு அன்றைக்கு எதைச் சொன்னாலும் பொறுக்கும்.

வீட்டில் தண்ணீர் பிடிக்கிற நீல டிரம்மில் குச்சிகளை அடி கீழே, நுனி மேலே என்று நிறுத்தினார்கள். குடிக்க, சமைக்கக் குழாயடியில் இருந்து குடம் குடமாகத் தூக்க வேண்டியதாயிற்று, அதைப் பற்றிக் கண்ணாயி முணுமுணுக்கவில்லை. அவளுக்கு வேறு வியாதி வந்துவிட்டது. பொழுது விடிந்தால் டிரம் பக்கம் போய் ஒவ்வொரு குச்சியாகத் தூக்கி அடியைப் பார்ப்பாள்.

“ஏம்புள்ள, மாத்தி மாத்தித் தூக்கிப் பாத்தா எப்புடி வேர் வரும்?”

“நீங்க போன தடவை தொடாமத்தான வெச்சிருந்தீங்க? என்ன வந்துச்சு?”

பிறகு ஒரு காலை, காப்பித் தோட்டத்துக்கு உரக்கூடையோடு கிளம்பியவனைக் கொல்லையில் இருந்து ஒரு கூச்சல் நிறுத்தியது. ஓடிப்போய்ப் பார்த்தான். கண்ணாயி ஒரு குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அடியில் தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக அரிசி முனை மாதிரி எட்டிப் பார்த்தன.

“புழுவுங்களா?”

“வேரு புள்ள! வேரு!”

அவள் இன்னொன்றைத் தூக்கினாள். அதிலும் இருந்தது. மற்றதிலும் இருந்தது. கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சித்தனும் சேர்ந்து தூக்கிப் பார்க்க ஆரம்பித்தான். தூக்கக் கூடாது என்று சொன்னவன் அவன்தான், அன்றைக்கு அது இருவருக்குமே ஞாபகம் வரவில்லை.

கரையில் ஊன்றுவது முதுகு முறிகிற வேலை. சரிவில் நேராக நிற்க முடியாது, இடுப்பில் கயிறு கட்டிப் பலாமரத்தில் மறுமுனையை முடிந்துகொண்டு இறங்கினான் சித்தன். கடப்பாரையால் கரைக்குள் சாய்வாகத் துளை போட்டு, குச்சியை முக்கால்வாசி உள்ளே இறக்கி, சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்கினான். தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் நீளமான கொம்புகளைப் படுக்க வைத்து, ஊன்றிய முளைக்குச்சிகளுக்கு நடுவே பாய் பின்னுகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாக விட்டான். அது யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, குளக்கரையில் பார்த்த வேரின் பின்னல் அவன் கைக்கு வழி காட்டியது. கண்ணாயி மேலிருந்து குச்சி எடுத்துக்கொடுத்தாள், கயிறு இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டாள், கருப்பட்டி போட்ட கடுங்காப்பியைச் சொம்பில் கட்டி இறக்கினாள். வைகாசி மழை பதமாகப் பெய்தது. ஆனியில் கரை முழுவதும் பச்சை.

ஆடியில் காட்டுமாடு வந்தது. கூட்டத்தைவிட்டுப் பிரிந்த ஒற்றைக் காளை, பாறை மாதிரி. விடிகிற நேரத்தில் கரையோரம் நின்றுகொண்டு, இளந்துளிர்களை ஒரு முனையில் இருந்து மறுமுனை வரைக்கும் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. கல்லெடுத்து எறிய முடியாது, எறிந்தால் அது திரும்பி வரும். அடுப்படிக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கண்ணாயி அதனோடு பேசிப் பார்த்தாள்.

“மகராசனாட்ட இருக்கற, காடு பூரா உனக்குக் கெடக்குது. இந்தக் குச்சிதானா கண்ணு ஒனக்குக் கெடச்சுது? போயிரு சாமி, அக்கட்டால போயிரு.”

மகராசன் எல்லாவற்றையும் தின்று முடித்துவிட்டுத்தான் போனது. அன்று சாயங்காலம் கண்ணாயி பெரிய அண்டாவைக் கவிழ்த்துத் தேய்த்து, அடிவாரத்துக்குக் கொடுத்தனுப்பத் தனியாக வைத்தாள். சித்தன் பார்த்தான், தடுக்கவில்லை. ஆனால் மேய்ந்த இடத்தில் ஒரு துளிருக்குப் பதில் நாலு துளிர் கிளம்பியது. ஆவணி முடிவதற்குள் கரை தெரியாத அளவு புதர் அடைத்துவிட்டது. அந்தக் காளைக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று சித்தன் சொன்னான். நீங்களே போய்ச் சொல்லிவிட்டு வாங்க என்றாள் கண்ணாயி.

ஐப்பசி பிறந்து, வானம் கறுத்தது. டி.வி.யில் புயல் சின்னம் என்றார்கள். சந்திரசேகர் சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு விடியும்போதே மலையேறி வந்துவிட்டான். அவன் வந்து சேர்வதற்கும் மழை பிடிப்பதற்கும் சரியாக இருந்தது. சாதாரண மழை இல்லை. பேசினால் பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கேட்காது. ஓடை முதலில் கலங்கி, பிறகு சிவந்து, பிறகு கல்லை உருட்டிக்கொண்டு இரைய ஆரம்பித்தது.

“மா, வண்டில ஏறு. சாமானத்த நான் ஏத்தறேன்,” என்றான் சந்திரசேகர்.

கண்ணாயி அடுப்பை அணைத்தாள். சாமி படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்தாள். சாமை மூட்டையும், மிளகு மூட்டையும், பாயும் தார்ப்பாய்க்கு அடியில் ஏறின. சித்தன் மட்டும் சாக்குக் கொங்காடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பலாமரத்தைக் கட்டிப்பிடித்தபடி கரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தண்ணீர் முளைக்குச்சிகளின் அடியைத் தொட்டது, இடுப்பைத் தொட்டது. பிறகு மேலே இருந்து ஒரு பெருந்தண்ணீர் இறங்கி வந்தது. அத்தனை சடைமரக் கன்றுகளும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. ஆள் உயரம் வளர்ந்த பச்சைப் புதர் இருந்த இடத்தில் சிவப்புத் தண்ணீர் மட்டும் ஓடியது. ஒன்றுகூட மிச்சமில்லை என்று நினைத்தான் சித்தன். முள்முருங்கை அப்படிப் படுத்தால் முறிந்தது என்று அர்த்தம். அவனுக்குத் தெரிந்தது அதுதான்.

பிறகு வண்டிக்கு வந்து கண்ணாயி பக்கத்துக் கதவைத் திறந்தான்.

“தள்ளி ஒக்காரு புள்ள. நானும் வாரேன்.”

கண்ணாயி அவன் முகத்தைப் பார்த்தாள். நனைந்த கொங்காடையை அவன் தலையில் இருந்து எடுத்து வெளியே உதறிவிட்டு, தள்ளி உட்கார்ந்தாள். “போயிருச்சுங்களா?” என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அவள் அழுதாள். ஜெயித்த மாதிரி அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தவளுக்குப் போகவேண்டும் என்று ஆசை ஒருநாளும் இருந்ததில்லை என்பது சித்தனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வண்டி கிளம்பி ஊர் எல்லையைத் தாண்டவில்லை. முன்னால் ரோட்டில் ஒரு பெரிய சில்வர் ஓக் மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. பஸ் ஒன்று அந்தப் பக்கம் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சந்திரசேகர் ஸ்டீயரிங்கில் ஒரு குத்து விட்டான். மழை கொஞ்சம் தணிகிற வரைக்கும் மூன்று பேரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெண்ணிலா கொடுத்தனுப்பிய இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். பசிக்கத்தான் செய்தது. வெங்காயச் சட்னி நன்றாக இருந்தது என்று கண்ணாயி சொன்னாள். பிற்பகலில் மழை விட்டது. மரத்தை அறுக்க ஆள் வர நேரமாகும் என்று தெரிந்ததும் சந்திரசேகர் வண்டியைத் திருப்பினான்.

“அடுப்படி நிக்குதான்னு மட்டும் பாத்துட்டு வந்துருவோம்,” என்றான்.

அடுப்படி நின்றது. சித்தன் வண்டியில் இருந்து இறங்காமலே கூரையைப் பார்த்தான், ஓடு ஒன்றும் சரியவில்லை. இறங்கிக் கொல்லைக்கு ஓடினான். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கரையோடு ஒட்டி, வாரி விட்ட தலைமயிராக, சடைமரக் கன்றுகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. பறிந்து போகவில்லை, படுத்துத்தான் கிடந்தன. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று தண்ணீரை உதறிக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தது. அதற்கு அடியில் கரை கொஞ்சமும் குறையாமல் அப்படியே இருந்தது.

“சேகரு! டேய், இங்க வாடா! கரை இருக்குதுடா!”

அவன் போட்ட சத்தத்துக்கு மகன் ஓடிவந்தான். கண்ணாயி மெதுவாகத்தான் வந்தாள், சாமி படம் இன்னும் சேலைத் தலைப்பிலேயே இருந்தது. கரையைப் பார்க்கவில்லை அவள், கரைக்குக் கீழே பார்த்தாள். கன்றுகளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு பாய் அகலத்துக்குக் கறுப்பாக ஏதோ கிடந்தது. படத்தைச் சித்தன் கையில் கொடுத்துவிட்டு, கிளையைப் பிடித்துக்கொண்டு இறங்கிக் காலை வைத்தாள். பாதம் புதைந்தது.

“மண்ணுங்க,” என்றாள். “வண்டல் மண்ணு. மேல ஆரு காட்டு மண்ணோ, இங்க வந்து தங்கியிருக்குது.”

தண்ணீரோடு போக வேண்டிய மண்ணை அந்தப் புதர் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது. ஓடை ஒரு முழம் உள்ளே வந்தால் போய்விடுவேன் என்றவள், ஓடை விட்டுக்கொடுத்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். குனிந்து ஒரு பிடி அள்ளிப் பிசைந்து பார்த்தாள். மேலே ஏறி நேரே அடுப்படிக்குள் போனாள். வெளியே வரும்போது கையில் ஒரு சௌசௌ காய். குழம்புக்கென்று வாங்கி மூலையில் மறந்துபோனது, நுனி வெடித்து முளை விட்டிருந்தது. மறுபடி இறங்கி, கரையை ஒட்டி வண்டலைக் கையால் பறித்து, காயை முளை மேலே இருக்கும்படி பாதி புதைத்து அணைத்தாள்.

சந்திரசேகர் மேலே இருந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஏம்மா, அது காய்க்க எத்தன மாசமாவும்?”

“நாலஞ்சு மாசமாவும்.”

“அப்பறம்?”

“அப்பறம் என்ன, வருசக்கணக்கா காய்க்கும். பறிக்க ஆளு இருந்தாச் செரி.”

அவன் அப்பாவைப் பார்த்தான். சித்தன் சாமி படத்தை மார்போடு வைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான். சந்திரசேகர் ஒரு பெருமூச்சு விட்டு, பிறகு சிரித்துவிட்டு, தார்ப்பாயை அவிழ்க்க வண்டிக்குப் போனான்.

“நின்னுட்டே இருக்கறீங்க?” என்றாள் கண்ணாயி கீழே இருந்து, சேற்றுக் கையைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. “இதுக்குப் பந்தல் போடோணும், கம்பு வெட்டியாங்க. சடைமரத்துல மட்டும் வெட்டிராதீங்க. அப்பறம் பந்தக்காலும் மரமாயிரும்.”

சித்தன் படத்தை உள்ளே கொண்டுபோய் அதன் ஆணியில் மாட்டிவிட்டு, கொடுவாளைத் தேடினான்.